தாத்தாவுக்கு வரைந்த கோட்டு

ஆவணக் காப்பகத்து அலுவலர் தாத்தாவின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, டச்சிங்காரர் பக்கமே மெல்லத் திருப்பி வைத்தாள். "சார், இதே பேர்ல ஒன்பது பேர் போருக்குப் போயிருக்காங்க. பட்டாளத்துச் சட்டையோட படம் இருந்தா கொண்டாங்க. தோள்பட்டையில நம்பர் இருக்கும். அது போதும், எங்க புதைச்சாங்கன்னே சொல்லிடலாம். இதுல கோட்டுல்ல போட்டிருக்காரு?"

டச்சிங்காரர் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கோட்டைப் போட்டுவிட்டவரே அவர்தான்.

நாற்பது வருடம் ஸ்டுடியோவில் டச்சிங் வேலை, அதாவது போட்டோக்களின்மேல் மை பூசித் திருத்திய கை. செத்துப்போனவர்களின் பழைய படத்தைக் கொண்டுவந்து, 'கொஞ்சம் பாக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க' என்பார்கள். கந்தல் சட்டைக்குக் கோட்டு, பொக்கை வாய்க்குப் பல் என்று எத்தனை பேரைப் பெரிய மனிதர் ஆக்கியிருப்பார்! தொழில் பிடிபட்ட புதுசு, இருபத்திரண்டு வயது, கை சும்மா இருக்கவில்லை. அம்மாவின் பெட்டியிலிருந்து அவள் அப்பாவின் ஒரே படத்தை எடுத்து, யாரையும் கேட்காமல், கசங்கிய பட்டாளச் சட்டைமேல் கறுப்புக் கோட்டு வரைந்து, சட்டம் போட்டு நீட்டினார். அம்மா நெடுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்குடா" என்றாள். அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

தோளில் நம்பர் இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்ன நம்பர் என்பதுதான் இல்லை. பளபளப்பான இடத்தில் மை ஒட்டாது, பிளேடால் சுரண்டிவிட்டு வரைவதுதான் வழக்கம். தோளைச் சுரண்டினாரா, அப்படியே பூசினாரா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே கேள்வி. பாவி, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அம்மா ஜன்னலோரம் காத்திருந்தாள். எண்பத்துமூன்று வயது. அவள் அப்பா போருக்குப் போனபோது அவளுக்கு மூன்று. சாவதற்குள் அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்று ஆறு மாதமாகப் புலம்பல்.

"கிடைச்சுதாடா?"

பஸ்ஸில் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. "அந்தச் சட்டையில இடது பாக்கெட்டு கிழிஞ்சிருந்துச்சு" என்றாள். "எங்கம்மா வெள்ளை நூல்ல தைச்சிருந்தாங்க, வேற நூல் இல்லையாம். படத்துலயே தெரியும். சின்ன வயசுல அந்தத் தையலைத் தடவிக்கிட்டேதான் தூங்குவேன்."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீ ஆசை ஆசையா செஞ்சுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. எப்படிடா சொல்றது?"

முப்பத்தெட்டு வருடமாகக் கூடத்துச் சுவரில் அந்தக் கோட்டு மாட்டியிருந்தது. அவள் தினமும் அதைக் கடந்துதான் சமையலறைக்குப் போனாள்.

சட்டத்தின் ஆணிகளைக் கழற்றிப் படத்தை மேசையில் வைத்தார். தண்ணீரில் கரையும் மைதான். ஆனால் ஈரம் ஒரு பொட்டு கூடினாலும் படமே உரிந்து வந்துவிடும். ஒரு இடத்துக்குமேல் தாங்காது.

"தோளா, பாக்கெட்டாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தோளு."

ஈரப் பஞ்சைத் தாத்தாவின் இடது தோளில் வைத்து ஒற்றி எடுத்தார். பஞ்சு கறுத்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர் கையோரமாகக் குனிந்தாள்.