பாதி சார்ஜ்

ஆறரைக்கு வர வேண்டிய வேன் ஆறு இருபதுக்கே வந்து ஹாரன் அடித்தது.

சுஜா மூன்றாம் மாடிக்கு ஓடினாள். அலுவலகத்தின் டிஜிட்டல் கேமராவும் சார்ஜரும் அவள் மேசையில் இருந்தன. சார்ஜரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் செல் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பென்சில் செல்களையும் பிடுங்கிக் கேமராவில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

வேன் கழக்கூட்டம் தாண்டியதும் கேமராவைத் திறந்து பார்த்தாள். திரையின் மூலையில் பேட்டரிப் படம் பாதி வெள்ளையாக இருந்தது.

"பாதிதான் இருக்கு" என்றாள்.

"நைட்டு முழுக்க சார்ஜ்ல போட்டிருந்தியே?" என்றான் முன் இருக்கையில் இருந்த ஜெபசிங்.

"போட்டுட்டுத்தான் போனேன்."

பிரஜின் சிரித்தான். சாலை பஜாரில் அவன் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. வீட்டில் தமிழ், மற்ற இடமெல்லாம் மலையாளம். "செக்யூரிட்டி தங்கப்பன் சேட்டன் ரவுண்ட்ஸ் வந்திருப்பார் கேட்டோ. எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் உறங்குவார். கம்பெனி கரண்ட் பில்லு மேல அவருக்கு மட்டும்தான் பாசம்."

"இருக்கறதை வெச்சுண்டு சமாளி சுஜா" என்றார் டீம் லீடர் வெங்கிடேஷ். கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீட்டிலிருந்து நெற்றியில் சந்தனத்தோடு வந்திருந்தார். "க்ரூப் போட்டோ வரைக்கும் தாங்கணும். அதை ஃப்ரேம் போட்டு ஜெபசிங்குக்குக் குடுக்கணும்."

போனக்காட்டுத் தேயிலை மலைக்குப் போவது ஜெபசிங்கை வழியனுப்பத்தான். மறுநாள் அவன் ஹைதராபாத்துக்குக் கிளம்புகிறான். வேறு கம்பெனி, கூடுதல் சம்பளம்.

அவன் நாகர்கோவில், அவள் மார்த்தாண்டம். சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகும்போது ஒரே பஸ். அவன் முன்னாடியே ஏறித் துண்டு போட்டு வைப்பான். அவள் உட்காருவாள். மார்த்தாண்டம் வரை சாஃப்ட்வேர் பக் ரிப்போர்ட்டைப் பற்றிச் சண்டை போடுவார்கள். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம்கூடக் கிடையாது. அப்படி ஒரு படம் தனக்கு வேண்டும் என்று சுஜாவுக்குத் தோன்றியதே இந்த வாரம்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கேமராவின் கையேட்டை முழுக்கப் படித்திருந்தாள். டெஸ்டிங்கில் இருப்பவர்கள் அப்படித்தான். வேனில் எழுந்து நின்று அறிவித்தாள்.

"திரை ஆஃப். மேல இருக்க சின்னக் கண்ணாடி வழியாத்தான் பாத்து எடுப்பேன். ஃப்ளாஷ் கிடையாது, ஜூம் கிடையாது. எடுத்த படத்த யாரும் காட்டு காட்டுன்னு கேக்கக் கூடாது."

கடைசிச் சட்டத்துக்கு வேனே கூச்சல் போட்டது.

"பாக்கக் கூடாதுன்னா பின்னே டிஜிட்டல் எந்தினா, எதுக்கு?" என்றான் பிரஜின். "எங்க அப்பாவோட ஃபிலிம் கேமராவைக் கொண்டு வந்திருப்பேனே. அதுலயும் பாக்க முடியாது, அல்லே?"

"பாத்தா சார்ஜ் போவும். க்ரூப் போட்டோ வேணுமா, உன் மூஞ்சி வேணுமா?"

"என் மூஞ்சி" என்றான் பிரஜின்.

நெடுமங்காட்டில் எடுத்தாள். விதுரையில் சாயா குடிக்க நிறுத்தியபோதும் எடுத்தாள். வேன், பாலம், ஆறு, பழம்பொரியை வாயில் திணிக்கும் பிரஜின். கண்ணாடி வழியே பார்த்தால் எதை எடுக்கப் போனாலும் ஜெபசிங் வந்துவிடுகிறான். வேனின் படியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறான். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து வாக்மேன் கேட்கிறான். ஆற்றை மூன்று படம் எடுத்தாள். ஒன்றில்தான் ஆறு இருந்தது.

எடுத்ததெல்லாம் என்ன என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிலவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதைப் பொதுவில் போடுவதாகத் திட்டம்.

சாயாவை ஆற்றிக்கொண்டே வெங்கிடேஷ் அந்தத் திட்டத்தைக் கலைத்தார்.

"சாயங்காலம் இறங்கறப்போ கார்டை எங்கிட்டக் குடுத்துடு. ஆத்துக்குப் போனதும் எல்லாப் படத்தையும் எல்லாருக்கும் மெயில் பண்ணிடறேன்."

"திங்கக்கெழம நானே போட்டுருதேன் சார்."

"ஜெபசிங் நாளைக்கே போறானே. அவன் பார்க்க வேண்டாமா?"

அவன் பார்க்கக் கூடாது என்பதுதான் சுஜாவின் கவலை. வேன் மொத்தமும் பார்ப்பது அதற்கு அடுத்த கவலை. அதற்குள் அழித்துவிட வேண்டும். அழிக்கத் திரை எரிய வேண்டும். திரை எரிந்தால் தோளுக்கு மேலே பத்துத் தலை முளைக்கும். தலைகளே இல்லாத இடம் கிடைத்தாலும், அழிப்பதற்கும் சார்ஜ் வேண்டும்.

இதற்குள் பிரஜின் எதிர்க்கடையிலிருந்து இரண்டு செல்லோடு ஓடிவந்தான்.

"பிரச்சனை தீர்ந்து! கொண்டா கேமராவ."

கேட்டு முடிப்பதற்குள் பிடுங்கிவிட்டான். பழைய செல்களை அவள் கையில் போட்டான், புதியதைச் செருகினான், திரையைத் திறந்தான். முதலில் வேன் வந்தது. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்து பழம்பொரியோடு அவனே வந்தான்.

"இது நல்லாருக்கு. என்னைப் பாரு, நாயகன் மாதிரி."

"பழம்பொரிதான் நாயகன்" என்றார் வெங்கிடேஷ். "அடுத்தது போடு."

அடுத்தது வேனின் படி என்று சுஜாவுக்குத் தெரியும். கையை நீட்டினாள். பிரஜின் முதுகைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

திரை கறுத்தது.

"எந்தா இது?" பிரஜின் கேமராவை உலுக்கினான். செல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தான். மறுபடி போட்டான். லென்ஸ் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

"எந்தக் காலத்துச் செல்லோ" என்றாள் சுஜா. முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவரப் பாடுபட வேண்டியிருந்தது.

பிரஜின் பாலத்தைப் பார்த்துக் கத்தினான். "டேய் ஜெபா! உன் வாக்மேன்ல என்ன செல்லு? கழட்டு."

ஜெபசிங் காதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தான். "இதுவும் தீந்துபோச்சு மக்கா. பாட்டு இழுக்க ஆரம்பிச்சாச்சு."

"இந்தக் காலத்துல கேசட் கேக்கறவன் கிட்ட செல்லு கேட்டேன் பாரு" என்றான் பிரஜின்.

வேன் மலை ஏறியது. சுஜா ஜெபசிங்குக்குப் பின் இருக்கையில் இருந்தாள். அவன் காதிலிருந்து பாட்டு மெல்லக் கசிந்தது. இழுக்கவில்லை. தாளம் சரியாகத்தான் இருந்தது. கவனித்தாள். அப்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை.

போனக்காட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. தேயிலைக்கு நடுவே தாசம்மாளின் சாயாக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. பிரஜின் பெஞ்சில் ஏறி, செத்த செல்கள் இரண்டையும் கூரைமேல் வைத்தான்.

"வெயில்ல காஞ்சா சார்ஜ் ஏறும்."

"எங்க வீட்டுக்காரரும் ரேடியோ செல்ல இப்படித்தான் காயப்போடுவாரு" என்றாள் தாசம்மாள்.

"அப்பறம் பாடுமா?"

"எங்க பாட? செல்லு காஞ்சிருக்கும், அவ்வளவுதான். வெயிலு எங்க தம்பி இருக்கு இங்க?"

சுஜா பையிலிருந்து தன் பழைய செல்களை எடுத்தாள். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் பிழைக்கும், குளிர் ஆகாது என்று கையேட்டில் இருந்தது. இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிச் சாயா கிளாசோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"செல்லுக்கு டீ குடுக்கறியா?" என்றார் வெங்கிடேஷ்.

"ஆமா சார். சீனி கம்மியா."

கிளாஸ் ஆறும் வரை காத்திருந்தாள். பிறகு எல்லாரையும் கடைமுன் நிற்கச் சொன்னாள். செல்களைக் கடைசி நேரத்தில்தான் போட்டாள். தாசம்மாளிடம் கேமராவைக் கொடுத்து, எதில் பார்க்க வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று காட்டினாள்.

"ஏம்மா, எனக்கு ஒத்தக் கண்ண மூட வராதே."

"ரெண்டையும் மூடாம இருந்தாப் போதும்" என்றான் பிரஜின்.

தாசம்மாள் யோசித்தாள். முந்தானையைத் தலைவழியே இழுத்து இடது கண்ணை மறைத்துக்கொண்டாள். கேமராவைத் தூக்கினாள்.

"ஜெபசிங், நடுவுல வாடா. உனக்காகத்தானே இது" என்றார் வெங்கிடேஷ்.

சுஜா ஓரத்தில் நின்றிருந்தாள். ஜெபசிங் வரிசையை ஒருமுறை பார்த்தான். நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"டேய், அது ஓரம்!"

"இருக்கட்டும் சார். எல்லாரும் இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வாங்க. நடு ஆயிரும்."

முணுமுணுத்துக்கொண்டே வரிசை நகர்ந்து மறுபக்கம் வளைந்தது. அவன் தோள் அவள் தோளில் பட்டும் படாமலும் இருந்தது. சுஜா சிரிக்க மறக்காமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

கேமரா மெல்ல ஒரு சத்தம் போட்டது. பிறகு இரண்டு முறை பீப் அடித்து, லென்ஸை நீட்டிக்கொண்டே செத்தது.

"படம் விழுந்துச்சா?" என்று ஓடினாள் சுஜா.

"நான் அமுக்கிட்டேன். சத்தமும் வந்துது" என்றாள் தாசம்மாள். "உள்ள போச்சா இல்லையான்னு அதுகிட்டதான் கேக்கணும்."

கேட்டார்கள். பதில் இல்லை. செல்லைத் தேய்த்தார்கள், இடம் மாற்றிப் போட்டார்கள், பிரஜின் ஊதிப் பார்த்தான். கேமரா நீட்டிய மூக்கோடு சும்மா இருந்தது.

"சாரமில்ல, போகட்டும்" என்றார் வெங்கிடேஷ். "கார்டுல இருந்தா ஆத்துல பார்த்துடலாம். இறங்கறப்போ மறக்காமக் குடு."

திரும்பும் வழியில் வேன் தூங்கியது. முன்னால் வெங்கிடேஷின் தலை சன்னலில் இடித்து இடித்து நிமிர்ந்தது. பிரஜின் வாயைத் திறந்துகொண்டு உறங்கினான். இன்னும் வெளிச்சம் இருந்தது. சுஜா கடைசி இருக்கையில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார்டைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லலாம். சொன்னால் அந்த ஒரு படமும் போகும். விழுந்திருந்தால்.

நெடுமங்காடு தாண்டியதும் ஜெபசிங் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வாக்மேனைத் திருப்பினான். பின்மூடியைத் தள்ளி இரண்டு செல்லையும் எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இது தீந்துபோச்சுன்னு சொன்னியே?"

"நேத்துதான் வாங்கிப் போட்டேன்."

"பின்ன ஏன் பொய் சொன்ன?"

"அப்ப குடுத்திருந்தா பிரஜின் அடுத்த படத்தப் பாத்திருப்பான்."

சுஜா செல்களைப் பார்த்தாள். அவற்றில் அவன் கையின் சூடு இருந்தது.

"அடுத்த படம் என்னதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கேமராவப் பிடிச்சிருக்கவ ஒரு கண்ண மூடியிருக்கா. எதிர இருக்கவன் ரெண்டையும் தொறந்து வச்சிருக்கான். லென்ஸ் எங்க பாக்குன்னு தெரியாதா?" அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது. "காலைல வேன் படியில என் மூக்குக் கண்ணாடிய எத்தன தடவதான் தொடைக்க? நீ எடுத்து முடிக்கட்டும்னுதான் இருந்தேன்."

சுஜா கேமராவின் மூடியைத் திறந்தாள். செல்களைப் போட்டு மூடினாள். பொத்தானை அமுக்கினாள். லென்ஸ் உள்ளே போய் வெளியே வந்தது. திரை எரிந்தது. மூலையில் பேட்டரிப் படம் முழுக்க வெள்ளை.

முன்னால் வெங்கிடேஷ் அசைந்தார். கண்ணைத் திறக்காமலே, "கழக்கூட்டம் வந்தாச்சா?" என்றார்.

"இல்ல சார், போத்தன்கோடு" என்றான் ஜெபசிங். அவர் மறுபடி சன்னலில் சாய்ந்தார்.

சுஜாவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அழித்து முடிக்க நேரம் இருந்தது. சார்ஜும் இருந்தது. ஜெபசிங் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அழிக்கதுக்கு முன்ன எனக்கு ஒருக்கா காட்டுவியா?"