தலைவர் எடைக்குப் பொரி

நிலாவில் ஆள் இறங்கிய வருடம், பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பஞ்சாயத்துத் தலைவர் நாகப்பனுக்கு வெல்லத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. காரணம் கோதண்டம். வருகிற தேர்தலில் தலைவரை எதிர்த்து நிற்கப்போகிற அந்த மனிதர், புரட்டாசி முதல் சனிக்கிழமை பெருமாள் கோவிலில் தன் எடைக்கு எடை வெல்லம் கொடுத்தார். அவர் உடம்புக்கு வெல்லம் மலையாகக் குவிந்தது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நாகப்பனோ ஒல்லி. பதவியில் இருந்தும் சதை போடாத அபூர்வப் பிறவி. அவர் எடைக்கு வெல்லம் வைத்தால், அந்த மலைக்கு முன்னால் அது ஒரு கூடைக்குக்கூடக் காணாது. ஓட்டுப் போடுகிறவன் கண்ணால் பார்த்துத்தானே போடுகிறான்! நாற்காலி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காஞ்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளை இளங்கோவன் வந்திருந்தார். காலேஜில் பௌதிகம் நடத்துகிறவர். யாராவது தும்மினால்கூட அதற்கு ஒரு விதி சொல்லாமல் விடமாட்டார்.

"எடை ஒண்ணா இருந்தாலும் அளவு ஒண்ணா இருக்காது மாமா. உங்க எடைக்கு இரும்பு வச்சா ஒரு குடம்கூட ரொம்பாது. பஞ்சு வச்சா வண்டி கொள்ளாது."

"அப்டியா?"

"இது என்ன பிரமாதம்! ஆகாசத்துல செத்துப்போன நட்சத்திரம் இருக்கு. உள்ள எரியறதுக்கு ஒண்ணும் இல்லாம போனதும், தன் கனம் தாங்காம தானே சுருங்கிடும். சூரியனோட கனம் அத்தனையும் ஸ்ரீபெரும்புதூர் தாலுக்காவுக்குள்ள அடங்கிடும். அதுல ஒரு சிட்டிகை எடுத்தா பரங்கிமலையைவிட கனம்."

"என் எடைக்கு அத்த வச்சா?"

"கண்ணுக்கே தெரியாது மாமா."

நாகப்பன் ஆடிப்போனார். செலவு பண்ணித் துலாபாரம் கொடுத்து, அது ஒருத்தன் கண்ணிலும் படாமல் போவதா? அந்த நட்சத்திரத்தின்மேல் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அதுக்கு நேர் எதிரா இன்னா கீது மாப்ளே?"

"சாப்பிடற பொருள்னா, பொரி."

அன்றே பொரிக்குச் சொல்லி அனுப்பினார். வாசலில் ஏரிக்கரைத் தெரு முனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மழை வந்தால் அவர்கள் தெருவில் தண்ணீர் வடிய வழியில்லை, வீட்டுக்குள் வந்துவிடுகிறது, ஒரு கால்வாய் வெட்டித் தாருங்கள் என்று போன தேர்தலிலிருந்து கேட்கிறாள்.

"வந்து பாக்கறேன், வந்து பாக்கறேன்" என்றார் நாகப்பன். போன தேர்தலிலிருந்து அவர் சொல்கிற பதிலும் அதுதான். சொல் மாறாத மனுஷன்.

கடைசி சனிக்கிழமை. பொரி மலை மண்டபத்துக்குள் அடங்காது என்று கோவில் மேட்டில், திறந்த வெளியில், பனங்கால் நட்டு, வைக்கோல் நிறுக்கும் பெரிய தராசைக் கட்டினார்கள். சாக்கில் கட்டினால் பொரி தெரியாது என்று கொசுவலையை வெட்டி மூட்டை கட்டச் சொன்னதும் தலைவர் மூளைதான். மூட்டைமேல் மூட்டையாக அது பனங்கால் உயரத்துக்கு எழும்பியது. கோதண்டத்தின் முகம் செத்துவிட்டது.

"வானம் இருட்டிக்கினு வருது. உள்ளயே வச்சுக்கலாமே" என்றாள் மனைவி சுந்தராம்பாள்.

"மலையத் தூக்கிக்கினு போயி மண்டபத்துல வப்பியா? போவியா!"

தலைவர் தட்டில் ஏறி உட்கார்ந்தார். முள் நேராக நின்றது. மேளம் கொட்டியது. அதே நேரம் மழையும் கொட்டியது.

ஜனம் மண்டபத்துக்குள் ஓடியது. பொரி ஓடுமா? புஸ்ஸென்று அமுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலை திண்டாகி, திண்டு தலையணையாகி, கடைசியில் ஈரக்களியாகத் தட்டில் படிந்தது. சுருங்கச் சுருங்க, குடித்த தண்ணீரில் கனம் ஏறிக்கொண்டே போனது. அந்தத் தட்டு தரையில் உட்கார, நாகப்பன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு மேலே தொங்கினார்.

"மாமா! சுருங்கறதைப் பாத்தீங்களா?" என்று மண்டபத்திலிருந்து உற்சாகமாகக் கத்தினார் இளங்கோவன். "ஆனா ஒண்ணு, நட்சத்திரம் சுருங்கும்போது கனம் கூடாது. இது தண்ணியால வந்த கனம்!"

"யோவ் மாப்ளே! எறக்குய்யா மொதல்ல!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மூட்டையை எடுக்க இரண்டு பேர் இறங்கியபோது, மழையில் நனைந்துகொண்டு முனியம்மாள் தராசுக்குக் கீழே வந்து நின்றாள்.

"தலைவரே! அங்கேர்ந்து எங்க தெரு தெரியுதா?"

நாகப்பன் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. ஆனால் கண் போய்விட்டது. ராத்திரி பெய்த மழையே வடியாமல் கிடந்த ஏரிக்கரைத் தெருவில் இப்போது தெருவையே காணோம். வாசற்படிகள் முழுகியிருந்தன. ஒரு பெண் தன் குழந்தையைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. தொங்குவதற்காக இல்லை.

"தெரியுது" என்றார். மழையிலும் அது எல்லோருக்கும் கேட்டது.

"வந்து பாக்கறேன், வந்து பாக்கறேன்னு சொல்லிக்கினே இருந்தீங்களே. நல்லா பாத்துக்கினு எறங்குங்க. அவசரம் இன்னா?"

மூட்டையை எடுக்க வந்த இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மண்டபத்திலிருந்து வேறு ஒருவரும் இறங்கி வரவில்லை. சுந்தராம்பாளும்தான்.