வரும்போது எடுத்துக்கலாம்

"வரும்போது எடுத்துக்கலாம், சிஸ்டர்" என்றார் டாக்டர், உதவிக்கு நின்ற நர்ஸான என்னிடம்.

மேஜையில் படுத்திருந்தது என் அண்ணன். அப்பாவைக் குடல் புற்றுநோய் கொண்டுபோனதிலிருந்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு வரச் சொல்லி நான் அவனிடம் கெஞ்சாத நாளில்லை. குழாய் உள்ளே போகும்போதே திரையில் ஒரு மடிப்போரம் அது தெரிந்தது. மிளகளவு சதை மொட்டு, பாலிப். இன்றைக்கே அறுத்தெடுத்தால் ஒன்றுமில்லை. விட்டால் அப்பா போன வழிதான்.

போகும்போது வழியைப் பார்ப்பது, திரும்பும்போது சுவரைத் துழாவுவது. அதுதான் எங்கள் வேலைமுறை. நானும் தலையாட்டினேன்.

திரும்பும்போது அதைக் காணோம்.

குடல் என்ன சும்மா கிடக்குமா? குழாய் போகையில் ஒருமாதிரி நீளும், வருகையில் ஒருமாதிரி சுருங்கும். மடிப்பு மடிப்பாகத் தேடினோம். அண்ணனைப் புரட்டினோம், தண்ணீர் பீய்ச்சினோம், வயிற்றை நான் அழுத்திப் பிடித்தேன். எங்கள் பழைய மெஷினில் சதையும் சுவரும் ஒரே மங்கல்.

"குமிழியா இருந்திருக்கும்" என்றார் டாக்டர்.

முதலில் பார்த்ததே இந்த மனுஷன்தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரும்தான பாத்தோம், சார்? பக்கத்து ரூம்ல புது மெஷின் சும்மாதான நிக்குது. அதுல பாருங்க."

"அது பெரிய டாக்டர் கேஸுக்கு வச்சிருக்கு. மறுபடி முதல்ல இருந்து உள்ள போகணும். அவர்கிட்ட யாரு திட்டு வாங்கறது?"

"நான் வாங்கிக்கறேன். உங்க கால்ல விழணுமா, சொல்லுங்க."

நிஜமாகவே விழுந்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை உருவினார்.

"போய் தள்ளிட்டு வாங்க."

புது மெஷினில் படம் பளிச்சென்று இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் நீலமாகி, பாலிப்பின் ரத்தநாளங்கள் மட்டும் கருமையாக எழும்பித் தெரியும்.

அண்ணன் மயக்கத்தில் அரைக்கண் திறந்தான். "இன்னுமா தேடற, வாலு? என்கிட்ட புதையல் எதுவும் இல்லடி."

"பேசாம படுண்ணா." திரையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது மிளகு. டாக்டர் கம்பிக் கண்ணியை மாட்டி அறுத்தெடுத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அவர் குழாயை நகர்த்தவில்லை. சற்றுத் தள்ளி, சுவரோடு சுவராகப் படர்ந்திருந்தது இன்னொன்று. தட்டையாக, அகலமாக, நடுவில் குழி விழுந்து. பழைய மெஷினில் அதன்மேலேயே எத்தனை தடவை போய்வந்தோம்! மிளகைப் போகும்போதே எடுத்திருந்தால், இதைப் பார்க்காமலேயே அண்ணனைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

நான் கண்ணியை நீட்டினேன். டாக்டர் வாங்கவில்லை.

"கண்ணியால அறுக்கற கட்டம் தாண்டிடுச்சும்மா. பரிசோதனைக்குத் துணுக்கு மட்டும் எடுப்போம்."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'அம்மா' என்றதில்லை.

"தேடினது கிடைச்சுதா?" என்று குழறினான் அண்ணன்.

"கிடைச்சுதுண்ணா" என்றேன். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வயிற்றின் மேலிருந்த கையை எடுக்கவும் முடியவில்லை.