டெல்பர்ட் நம்பிய காற்புள்ளி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் ஊருக்கு முடிவெட்டும் கடை என்னுடையது ஒன்றுதான். தலையைக் கொடுத்தவன் பாதியில் எழுந்து போக முடியாது. அதனால் என் பேச்சைக் கேட்காத ஆண்பிள்ளை ஊரில் கிடையாது. 1984 வாக்கில் நான் பேசியதெல்லாம் வருமான வரியைப் பற்றித்தான். அந்த வரிக்கு இடம் கொடுத்த அரசியலமைப்புத் திருத்தமே செல்லாது என்பது என் கட்சி. 1913இல் மாநிலங்கள் அதற்கு ஒப்புதல் கொடுத்தபோது வாசகத்தை ஆளுக்கொரு மாதிரி எழுதி அனுப்பியிருந்தன. ஒன்றில் காற்புள்ளி இல்லை, இன்னொன்றில் ஒரு சொல் வேறு. நகல்களை வரவழைத்து, சிவப்பு மையால் வட்டம் போட்டு, வியாழக்கிழமைகளில் முன்னாள் படைவீரர் கூடத்தில் கூட்டம் கூட்டிக் காட்டுவேன். கைதட்டுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

டெல்பர்ட் க்ரூஸ் எப்போதும் முன்வரிசைதான். நாற்பது பசுக்கள் வைத்திருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதன். ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு தயங்கி நின்றான்.

"வெர்லின், நிஜமாவே கட்ட வேண்டாமாடா?"

"செல்லாத சட்டத்துக்கு எதுக்குடா கட்டணும்?"

"நீ கட்டலையா?"

"என்னைப் பார்த்தா கட்டுற ஆள் மாதிரியா இருக்கு?"

அதைப் பொய் என்றுகூட நான் நினைக்கவில்லை. கேள்விக்குக் கேள்வி போட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் மனைவி நோலா வரிப் படிவத்தை நிரப்பிச் சாப்பாட்டு மேசையில் வைப்பாள். "அங்க சிங்கம் மாதிரி கத்து. இங்க கையெழுத்தைப் போடு" என்பாள். போட்டுவிடுவேன்.

டெல்பர்ட் மூன்று வருடம் படிவம் அனுப்பவில்லை. அவன்மேல் வழக்கு வந்தது. மனதார நம்பித்தான் அப்படிச் செய்தான் என்று காட்டினால் தப்பிக்கலாம் என்றார் அவனுடைய வக்கீல். அந்த நம்பிக்கையை ஊட்டியவன் நான் என்பதால் சாட்சியும் நானே.

லிங்கன் நகர நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்கு வாதாடியது சின்ன வயதுப் பெண். குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தக் காற்புள்ளி வாதத்தைக் கோர்ட்டுங்க ஏத்துக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"க்ரூஸ்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"போன வருஷம் நீங்க வரிப் படிவம் அனுப்பினீங்களா?"

பதில் என்மேலேயே குற்றமாகத் திரும்புமென்றால் சொல்ல வேண்டாம் என்றார் நீதிபதி. வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் கட்டாதவன் என்றே ஊர் நினைத்துக்கொள்ளும். டெல்பர்ட் குற்றம் சாட்டப்பட்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ஊர் அப்படியே நினைக்கட்டும் என்ற ஆசையும் எனக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"அனுப்பினேன்."

"அதுக்கு முந்தி?"

"எல்லா வருஷமும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டெல்பர்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சொல்லிக்கொடுத்தவனே நம்பாததை டெல்பர்ட் மனதார நம்பினான் என்பதை ஜூரி ஏற்கவில்லை. எட்டு மாதம் சிறை என்று தீர்ப்பானது. தாழ்வாரத்தில் அவனே என்னிடம் வந்தான்.

"அன்னைக்குக் கேட்டேனேடா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கோழைன்னு நினைச்சுடுவியோன்னு..."

"நினைச்சிருப்பேன்தான். ஆனா வீட்ல இருந்திருப்பேன்."

அவன் சிறைக்குப் போன மறுநாள் விடிகாலை அவன் தொழுவத்துக்குப் போனேன். அவன் மனைவி ஆர்டிஸ் கறவை இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்தீங்க? மாட்டுக்கும் சட்டம் சொல்லித்தரவா?"

"ஏதாவது ஒத்தாசை பண்ணலாம்னு..."

"பால் கறக்கத் தெரியுமா?"

"தெரியாது."

சுவரில் சாய்ந்திருந்த மண்வாரியைக் காட்டினாள். "சாணி அள்ளுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

எட்டு மாதமும் கடை திறக்குமுன் போய் அள்ளினேன். ஒருநாள்கூட அவள் எனக்குக் காப்பி கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வேறொருவன் நடத்துகிறான் என்று கேள்விப்பட்டேன்.

டெல்பர்ட் இளைத்துத் திரும்பி வந்தான். தொழுவ வாசலில் நின்று நான் அள்ளி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளையிலேருந்து வர வேண்டாம், வெர்லின்" என்றான். கோபம் இல்லை. மாட்டிவைத்திருந்த என் மேல்சட்டையை அவனே எடுத்துக் கொடுத்தான். கைகுலுக்க நான் கையை நீட்டினேன். அவன் கறவை மாடுகளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.