இன்னும் ஐந்தே ஐந்து

டெல்மர் ட்வெட் பகலில் லாரிகளை எடை போடுவான். மாலையில் வெடிமருந்தை எடை போடுவான். தானியக் கிடங்கின் எடைமேடையில் கோதுமை லாரி ஏறி நின்றால் இருபது பவுண்டு முன்னே பின்னே போவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவனும்தான். அதே ஆள் வீட்டுக்கு வந்து நிலவறைப் படியில் இறங்கிவிட்டால், தராசுத் தட்டில் கடுகில் பாதி கூட இல்லாத ஒரு துணுக்கு மருந்து கூடுதலாக விழுந்துவிட்டது என்று இடுக்கியும் கையுமாகக் குனிந்து நிற்பான். காற்று பட்டால் தராசு ஆடும் என்பதற்காக வீட்டு ஹீட்டரையும் அணைத்துவிடுவான். வடக்கு டகோட்டாவில், மார்ச் மாதத்தில்.

மேலே அவன் மனைவி லோரெட்டா கோட்டைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டைச் சமைப்பாள். அவள் காலடியில் தரை ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, திரும்ப மருந்து நிரப்பித் தோட்டாவாக்குவதற்காக, மக்காச்சோளத் தூளோடு போட்டு உருட்டித் துலக்கும் பீப்பாய் ஒன்று நிலவறையில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பாதிரியார் ஒருமுறை காப்பி குடிக்க வந்தவர், சலவை இயந்திரத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, ஆள் வரச்சொல்லிப் பார்ப்பது நல்லது என்று கனிவோடு சொல்லிவிட்டுப் போனார்.

லோரெட்டாவின் குறை இந்தச் சத்தம் அல்ல. தேவாலயத்தில் வருடாவருடம் டிசம்பரில் ஒட்டுத்துணிப் போர்வைகளை ஏலம் விடுவார்கள். போர்வையை இழுத்துக் கட்டித் தைக்கும் அவளுடைய மரச்சட்டம் ஒரு கட்டில் அகலம். அதை விரிக்கத் தோதான ஒரே இடம் நிலவறை. அங்கே டெல்மரின் மேசை, குண்டைக் கூட்டில் அழுத்திப் பொருத்தும் கருவி, மருந்து டப்பாக்கள், வகைவாரியாக அடுக்கிய பித்தளை. போர்வைச் சட்டம் கார் ஷெட்டில், மூக்கு நுனி உறையும் குளிரில் கிடந்தது. போன வருடம் அவள் கையுறை போட்டுக்கொண்டு தைத்த போர்வையை ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. கடைசியில் பாதிரியாரே எடுத்துக்கொண்டார். அவருடைய நாய்க்கு அது பிடித்துப்போனது.

இதற்கெல்லாம் மூலகாரணம் லோரெட்டாவின் அண்ணன் வர்ஜில். சர்க்கரைக் கிழங்கு பயிரிடுகிறவன். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் பழைய துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது. அதை வருடத்துக்கு இரண்டு தடவை உறையிலிருந்து எடுப்பான்: மான் வேட்டைக்கு ஒரு தடவை, அக்டோபரில் ஊர்ச் சங்கத்தின் அறுநூறு கஜக் குறிசுடும் போட்டிக்கு ஒரு தடவை. போட்டியில் ஜெயித்து, பரிசாகத் தரும் புகைபோட்ட பன்றித் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். சுட்டவுடன் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளுக்கு அவன் வைத்திருந்த பெயர் தையல் மெஷின். அந்த ரகத்தில் குறி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று காப்பிக்கடையில் அடித்துச் சொல்வான்.

அந்த ரகத்திலேயே ஒன்றைத் தன் கையால் கட்டி, அவனைத் தோற்கடித்துக் காட்டுவதாக டெல்மர் சொன்னதும் அதே காப்பிக்கடையில்தான். ஊரே கேட்டது. லோரெட்டாவும் கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தம் ஒன்று போட்டாள். அக்டோபரில் டெல்மர் அண்ணனை ஜெயித்தால் நிலவறை அவனுக்கே, இனி அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள். தோற்றால் மேசை கார் ஷெட்டுக்குப் போகும், சட்டம் நிலவறைக்கு வரும். டெல்மர் கை குலுக்கி ஒத்துக்கொண்டான்.

துப்பாக்கி பாகம் பாகமாகத் தபாலில் வந்தது. விசை ஒரு ஊரிலிருந்து, தோளில் ஊன்றும் கட்டை இன்னொரு ஊரிலிருந்து. டெல்மர் ஒவ்வொரு திருகையும் அளவுக்கருவி வைத்து முறுக்கினான். குழல் மட்டும் மொன்டானாவில் ஒரு பட்டறைக்காரரிடம் சொல்லிச் செய்தது. அவர் தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: இது வேகமான தோட்டா, குழலை உள்ளே தின்றுகொண்டே போகும், அருமையாகச் சுடும், ஆனால் ஆயுசு கம்மி, அதனால் வீணாகச் சுட்டுத் தீர்த்துவிடாதே. டெல்மர் பணிவாக ஆமோதித்தான். வீணாகச் சுடுகிறவர்களை அவனுக்கும் பிடிக்காது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஐந்து தோட்டா சுட்டு அட்டையைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தான். ஐந்து ஓட்டையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே ஓட்டையாகியிருந்தன. லோரெட்டா ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து அதன்மேல் வைத்தாள். ஓட்டை மறைந்துவிட்டது.

"போதுமே," என்றாள். "இதைவிட என்ன வேணும்?"

"போதும்தான். ஆனா இது மருந்தோட வேலையா, இல்ல என் அதிர்ஷ்டமான்னு தெரியணும்ல."

"எப்படித் தெரியும்?"

"இன்னும் ஒரு அஞ்சு சுட்டா தெரிஞ்சிடும்."

அந்த ஐந்தும் முதல் ஐந்தைப் போலவே விழுந்தன. வேறு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்கள். டெல்மருக்கு ஒரு கவலை வந்தது. இவ்வளவு நன்றாகச் சுடுவது இன்னும் நன்றாகச் சுடாது என்று என்ன நிச்சயம்? மருந்தை ஒரு துளி ஏற்றினான், ஐந்து. ஒரு துளி இறக்கினான், ஐந்து. குண்டைக் கூட்டுக்குள் ஒரு மயிரிழை ஆழமாக உட்காரவைத்தான், ஐந்து. பித்தளைக் கூடுகளை எடைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் நீல மையால் வளையம் போட்டு, ஒரே எடைக்காரர்களை ஒரே பெட்டியில் குடிவைத்தான், அதற்கும் ஐந்து. ஜூலை முழுக்க அவன் வாசல் கதவைச் சாத்தும்போதெல்லாம் லோரெட்டா காதில் விழுந்த வார்த்தை ஒன்றுதான்: இன்னும் ஐந்தே ஐந்து.

அவன் துப்பாக்கி காலிக் கூடுகளை வலப்பக்கம் நல்ல தூரத்துக்கு எறியும். ஆகஸ்டில் ஒருநாள் வர்ஜில் சுடுதிடலுக்கு வேடிக்கை பார்க்க வந்து வலப்பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இரண்டாவது கூடு சொய்ங்கென்று அவன் காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது. டெல்மர் ஓடிவந்து, காப்பிக்குள் விரலை விட்டு, கூட்டை எடுத்து, நீல வளையம் அழிந்துவிட்டதா என்று பார்த்தான்.

"மாப்ள," என்றான் வர்ஜில், "என் மூஞ்சியில ஏதாச்சும் பட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல மச்சான். இது முதல் பெட்டிக் கூடு."

வர்ஜில் மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு, நீ இதுவரை எவ்வளவு சுட்டிருப்பாய் என்று விசாரித்தான். டெல்மர் கொஞ்சம்தான் என்றான். பொய் சொல்லவில்லை. ஐந்து ஐந்தாகத்தான் சுட்டான்; ஐந்து என்பது கொஞ்சம்தானே.

செப்டம்பர் கடைசியில் அந்த நாள் வந்தது. அவன் தேடிய அளவு கிடைத்துவிட்டது. ஓட்டையை மறைக்க இப்போது குழந்தைச் சட்டைப் பொத்தானே போதும். டெல்மர் போட்டிக்கான தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் செய்து, பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டிக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. பார்த்துத் தீர்ந்ததும் இன்னொரு பெட்டி செய்தான். அதையும் பார்த்தான். கடைசிப் பெட்டியை லோரெட்டா பிடுங்கி மாவு டப்பாவில் ஒளித்துவைத்தாள். போட்டிக்குத் தோட்டாவே இல்லாமல் அவன் தோற்கக்கூடாது, தோற்றாலும் நியாயமாகத் தோற்க வேண்டும் என்பது அவள் கட்சி.

போட்டியன்று காற்று இல்லை, வெயில் இதம். சங்கத்தின் வழக்கப்படி ஒருவர் சுடும்போது பக்கத்து ஆள் தொலைநோக்கி வைத்துப் பார்த்து அவருடைய புள்ளிகளை எழுதுவார். வர்ஜில் முதலில் சுட்டான், டெல்மர் எழுதினான். வர்ஜில் நன்றாகத்தான் சுட்டிருந்தான், ஆனால் மே மாதத்து டெல்மர் அவனைக் கண்ணை மூடிக்கொண்டே தாண்டியிருப்பான். பிறகு டெல்மர் படுத்தான். வர்ஜில் காப்பியை மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்துக்கொண்டு இடப்பக்கமாக உட்கார்ந்தான்.

முதல் குண்டு நட்டநடுவில். இரண்டாவதும். மூன்றாவது ஒரு கை அகலம் இடப்பக்கம் போனது. டெல்மர் காற்றைப் பார்த்தான், காற்று இல்லை. நான்காவது மேலே. ஐந்தாவது எங்கே போனதென்று குண்டு பட்ட இடத்தைக் காட்ட இலக்கடியில் பள்ளத்தில் இருந்தவர்கள் தேடிப் பார்த்து, அட்டையைக் கீழே இறக்கி, திரும்ப ஏற்றி, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டை ஒட்டிக் காட்டினார்கள். அதன்பிறகு குண்டுகள் பிடித்த பக்கம் போய் விழுந்தன.

வர்ஜில் வெகுநேரம் கிண்டல் செய்யவில்லை. அதுதான் டெல்மருக்குப் பயமாக இருந்தது. கடைசிக் குண்டுக்கு அப்புறம் அவன் தொலைநோக்கியிலிருந்து தலையை எடுத்தான்.

"மாப்ள, உன் கை நல்லாத்தான் இருக்கு. கண்ணும் நல்லா இருக்கு. குழல் செத்துப்போச்சுடா."

"போன வாரம் அருமையா சுட்டுச்சு மச்சான்."

"அதான். போன வாரத்தோட முடிஞ்சிருச்சு."

வீட்டுக்கு வந்து குழலுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்தான். குண்டு புறப்படும் இடத்தில் இரும்பு, மழை காணாத ஏரித் தரைபோல வெடித்துக் கிடந்தது. மொன்டானாக்காரர் சொன்ன ஆயுசு முழுவதையும், அது நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே டெல்மர் செலவழித்திருந்தான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் அவன். மறுநாளே மேசையைக் கார் ஷெட்டுக்குத் தூக்கிப்போனான். அங்கே தராசு குளிரில் விறைத்து, எதை வைத்தாலும் ஒரே எடையைக் காட்டியது. லோரெட்டா நிலவறையில் சட்டத்தை விரித்து, ஹீட்டரைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். தைக்க உட்கார்ந்தால் தனக்குப் பத்து விரலும் இருப்பது எத்தனையோ குளிர்காலத்துக்குப் பிறகு அவளுக்குத் தெரிந்தது.

மாலையில் வேறு வேலை இல்லாத டெல்மர் படியில் வந்து உட்கார்ந்தான். அவள் துணிச் சதுரங்கள் வெட்டுவதைப் பார்த்தான். கொஞ்சம் நெளிந்தான்.

"நான் வேணா வெட்டித் தரட்டுமா?"

லோரெட்டாவுக்கு மனம் இளகிவிட்டது. தோற்ற மனிதன், பாவம். கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

மறுநாள் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் அளவுக்கருவி வந்தது. அதற்கடுத்த நாள் தராசு. ஒரே கடையில் வாங்கிய துணியானாலும் சதுரத்துக்குச் சதுரம் எடை வேறுபடுகிறது என்று டெல்மர் கண்டுபிடித்தான். ஒரே எடைச் சதுரங்களை ஒரே பெட்டியில் போட்டு, ஓரத்தில் நீல மையால் புள்ளி வைத்தான். எடை தவறிய சதுரங்களைத் திரும்ப வெட்டினான். நவம்பர் பாதி ஆயிற்று. போர்வையில் ஒரே ஒரு வரிசைதான் தைத்து முடிந்திருந்தது. தேவாலயத்திலிருந்து போன்மேல் போன். ஹீட்டர் மறுபடி அணைந்திருந்தது.

"டெல்மர், நாளைக்கு ரெண்டாவது வரிசையை ஆரம்பிச்சிடலாமா?"

"ஆரம்பிக்கலாம். இன்னும் அஞ்சே அஞ்சு வெட்டிப் பார்த்துடறேன்."

லோரெட்டா மேலே போய்த் தொலைபேசியை எடுத்தாள். மொன்டானாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. மொன்டானாக்காரர் அவளிடம் விவரம் கேட்டுவிட்டு, வேறொருவருக்குச் செய்துவைத்திருந்த குழலையே அனுப்புவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் வர்ஜில் நீளமான அட்டைக் குழாய் ஒன்றைத் தோளில் சுமந்து நிலவறைக்குள் இறங்கினான். பார்க்க அவன் வருடாவருடம் தூக்கிப்போகும் பன்றித் தொடை மாதிரிதான் இருந்தது. டெல்மரின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி அந்தக் குழாயைக் கொடுத்தான். லோரெட்டா சுண்ணக்கட்டியால் தரையின் நடுவில் ஒரு கோடு போட்டாள்.

"அந்தப் பக்கம் உனக்கு," என்றாள். "சாகுற வரைக்கும் உனக்கு. என் துணியை மட்டும் தொடாத."

"நான்தான் தோத்துட்டேனே."

"நீ தோத்தது போதும். எனக்கு ஏலம் இருக்கு."

போர்வையை அவள் ஒரே வாரத்தில், கண்ணளவிலேயே வெட்டித் தைத்து முடித்தாள். ஏலத்தில் நல்ல போட்டி. கடைசியில் வர்ஜில் எடுத்தான். மேடையில் போர்வையை விரித்துக் காட்டியபோது இடப்பக்க மூலை ஒரு நூல் அளவு சாய்ந்திருப்பதை டெல்மர் பார்த்துவிட்டான். ஆனாலும் கோட்டை எடுத்து மாட்டினான். அவனுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். புதுக் குழலைப் பழக்க வேண்டும். அதற்கு ஐந்தே ஐந்து போதும்.