மகனைப் பார்க்க ஒரு முதுகலை

ஜெயிலுக்குப் போன என் மகன், சொந்தக்காரர் யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆராய்ச்சி மாணவர்களை மட்டும் பார்ப்பானாம். சரி, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவோம் என்று எழுபத்தோரு வயதில் குற்றவியல் முதுகலையில் சேர்ந்தேன். முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பேராசிரியரே எழுந்து வணக்கம் சொன்னார்.

இரண்டாம் வருடம் சிறைக்குப் பேட்டி எடுக்க அனுப்பினார்கள். மகன் எதிரே வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் காவலர் நின்றார்.

“பேட்டிக்குச் சம்மதமா தம்பி?” என்றேன். முதலில் சம்மதம் கேட்க வேண்டும் என்பது பாடம்.

என்னையே பார்த்தான். “கேளுங்க சார்.”

“வீட்டு ஆளுங்களை ஏன் வேணாம்னு சொன்னீங்க?”

“எங்கப்பா அழுவாரு சார். சினிமாவுல நாய் செத்தாலே தேம்புற மனுஷன்.”

நான் அழவில்லை. அடுத்த கேள்வி, சாப்பாடு எப்படி என்பது. அதைக் கேட்டேன்.