தெருக்குத்து

உள்ளங்கையைச் சுவரில் பதித்த நொடியிலேயே அறிவுச்செல்வனுக்குத் தெரிந்துவிட்டது, இது நல்ல வீடு. வெளியே பங்குனி வெயில் தகித்துக்கொண்டிருக்க, சுண்ணாம்புக் காரை பூசிய அந்தச் சுவர் மண்பானையைப் போலக் குளிர்ந்திருந்தது. பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராகச் சேர்ந்து உதவிச் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் குறையைத் தேடுவது அவருடைய கண்களுக்குப் பழகிப்போன வேலை. சிறு சுத்தியலால் மூலைகளைத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்திலும் பொள்ளல் ஓசை எழவில்லை. டார்ச்சை அடித்து உத்தரத்தைப் பார்த்தார். தேக்கு, கறையான் ஏறிய தடமே இல்லை. கொல்லைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து ஒரு மடக்குக் குடித்தார்; இனித்தது. குடித்த தண்ணீர் நெஞ்சைத் தாண்டி இறங்குவதற்குள் அதே வழியாக ஏதோ ஒரு கசப்பு மேலேறி வருவதை அவர் உணர்ந்தார்.

வாங்கப் போகிறவர் அவரல்லர். அவருடைய மனைவி தையல்நாயகியின் தங்கை அம்சம். அம்சத்தைக் கட்டியவன் ரெத்தினம். தனியார் டவுன் பஸ்ஸில் நடத்துநராக நின்றே காலத்தைக் கழித்தவன். மணமான நாள் முதல் வாடகை வீடுகள்தாம். ஒன்றில் கூரை ஒழுகும், இன்னொன்றில் உரிமையாளர் முறைப்பார். இப்போது தஞ்சாவூரின் நடுவில், தெற்கு அலங்கத்தை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டே அறைகளும் ஒரு சமையலறையும் கொண்ட இந்தப் பழைய வீடு அவன் கைக்கு எட்டுகிற விலையில் வந்து நின்றது. "அண்ணன் வந்து ஒரு பார்வை பாத்துச் சரின்னு சொன்னாத்தான் முன்பணம் கொடுப்பேன்" என்று பிடிவாதமாக அவரைக் கூட்டிவந்திருந்தான்.

விலை ஏன் இவ்வளவு இறங்கியது என்பதைத் தரகர் ஷேக் பரீத் மறைக்கவில்லை.

"வீட்டுல ஒரு குறையும் கிடையாது சார். இந்தத் தெருக்குத்து ஒண்ணுதான். இல்லாட்டி இந்த எடத்துல இந்த வெலைக்கு மாட்டுக்கொட்டகைகூடக் கெடைக்காது."

தெற்கிலிருந்து நேராக ஓடிவரும் சந்து, இந்த வீட்டு வாசற்படியில் முட்டி நின்று, பிறகுதான் இடமும் வலமுமாகப் பிரிந்தது. வாசலில் நின்றால் சந்தின் நீளம் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். நடந்து வருகிற ஒவ்வொருவரும் இந்த வீட்டைத் தேடித்தான் வருகிறார் என்று தோன்றும். இப்படித் தெரு நேரே வந்து குத்துகிற வீட்டில் குடும்பம் விளங்காது என்பது ஊரார் முடிவு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு திரும்பிப் போயிருந்தார்கள்.

"முப்பது வருசமா பஸ்ஸுல முழங்கையால குத்து வாங்கினவன் பாய் நான். தெரு குத்தி எனக்கு என்ன ஆவப்போவுது?" என்றான் ரெத்தினம். "அதுவுமில்லாம அண்ணன் இருக்காங்க. அண்ணங்கிட்ட இந்தக் குத்தெல்லாம் எடுபடாது."

உண்மைதான். தந்தை ஆசையோடு வைத்த பெயருக்குப் பழுதில்லாமல் வாழ்ந்தவர் என்ற பெருமை அறிவுச்செல்வனுக்கு உண்டு. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி மணந்தவர். தம் வீட்டுக்கு இராகு காலத்தில் கடைக்கால் போட்டு, அதைக் கறுப்புச் சட்டையோடு மேடைதோறும் சொன்னவர். தெருக்குத்தைப் பற்றி மட்டுமே அரைமணி நேரம் பேசுவார். "தெருவுக்குக் கை இருக்கா, கத்தி இருக்கா, குத்துறதுக்கு?" என்று கேட்டு நிறுத்துவார், கூட்டம் கைதட்டும்.

அந்த இராகு கால வீடு மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, வயலைத் தூர்த்துப் போட்ட மனையில் நின்றது. பெயரில் மட்டும் நகர். மாடியோடு சேர்த்து ஐந்து அறைகள், படுப்பவர் இருவர். ஒரு கட்டுக் கொத்தமல்லி வேண்டுமென்றால் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வயற்களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பி, மாடிப்படிக்கு அடியில் சுவரை நெடுக்காகப் பிளந்து வைத்திருந்தது. பொறியாளர் வீட்டிலேயே வெடிப்பு என்று ஒருவர் வாயில் விழுந்துவிடக் கூடாது. தையல்நாயகி தங்கை வீட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்து, ஆண்டுதோறும் தாமே பட்டி பூசிச் சாயம் அடித்துவிடுவார்.

"அண்ணே, சுத்தியலால தட்டுனா செவுருதான் தெரியும். படுத்துப் பாத்தாத்தான் வீடு தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ரெத்தினம் சட்டையைக் கழற்றினான். வாசலுக்கு நேராக வெறுந்தரையில், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தான். சந்து முழுவதும் ஓடிவந்த காற்று வாசலில் நுழைந்து, அவன் மேல் புரண்டு, கொல்லைக்கதவு வழியாக வெளியேறியது. ஊர் எதைக் குறை என்றதோ அந்தக் குறைதான் இந்தக் காற்றைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துவந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, ரெத்தினத்திடமிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

அறிவுச்செல்வன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வீட்டில் ஏ.சி. இரண்டு. அவற்றில் ஒன்று ஓடாமலும், ஒரு மாத்திரை உள்ளே போகாமலும் அவருக்கு உறக்கம் வருவதில்லை. வாழ்நாளெல்லாம் படிக்கட்டில் நின்று சில்லறை கேட்டவன், ஒரு கணக்கும் போடாமல், ஒரு வரைபடமும் பார்க்காமல், இப்படி ஒரு வீட்டில் வந்து விழுவதாவது! சமையலறையிலிருந்து அம்சத்தின் குரல் வந்தது. கிரைண்டரை எங்கே வைப்பது, முருங்கைக் கன்றை எங்கே நடுவது என்று அவள் தனக்குத்தானே முடிவு செய்துகொண்டிருந்தாள்.

"அக்காவ இனிமே வாரம் ரெண்டு நாளு இங்க அனுப்பிடணும் மாமா. அங்க அது யாருகிட்டத்தான் பேசும்?"

அவளுக்கு அதில் உள்நோக்கம் ஏதுமில்லை. அது அவரைச் சுட்டது. இன்னொரு முறை வீட்டைச் சுற்றினார். உப்புப் பூத்த இடம், தொங்கும் ஓடு, அடைத்த சாக்கடை, ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும். ஷேக் பரீத் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்திருந்த 'விற்பணைக்கு' என்ற சொல்லில்தான் அவரால் பிழை காண முடிந்தது.

"என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?" ரெத்தினம் விழித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தான்.

சுவர் நல்லது, மரம் நல்லது, தண்ணீர் நல்லது. சொல்ல வேண்டியது இவ்வளவே. அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"எல்லாம் சரிதான். தெருக்குத்து இருக்கேப்பா."

ஷேக் பரீத் கையில் ஆடிக்கொண்டிருந்த சாவிக்கொத்து நின்றது.

"அண்ணே, நீங்களா சொல்றீங்க?"

"நான் நம்புறேன்னு சொன்னனா? நாளைக்கே விக்கணும்னா வாங்க வர்றவன் கேப்பான்ல. அதுக்குச் சொன்னேன்."

"நாங்க எங்க மாமா விக்கப் போறோம்? இங்கேருந்து எங்கள நாலு பேரு தூக்கிக்கிட்டுத்தான் போவணும்" என்று சமையலறையிலிருந்து வந்தாள் அம்சம். சிரித்துக்கொண்டே வந்தவள் வாசலைப் பார்த்தாள். நேராக நீண்டு கிடந்த சந்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள். "ஒரு ஜோசியக்காரரு சொல்லியிருந்தா நான் காதுல வாங்கியிருக்க மாட்டேன். நீங்களே சொல்லும்போது எப்படி மாமா வாங்காம இருக்கிறது?"

ரெத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டான். பொத்தான் ஒன்று மாறிப்போனது.

ஸ்கூட்டரில் வீடு திரும்புகையில் அறிவுச்செல்வனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. மேம்பாலம் ஏறும்போது, பழைய பாட்டு ஒன்றைத் தாம் முணுமுணுப்பதைத் தாமே கேட்டுத் திடுக்கிட்டார்.

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது தையல்நாயகி கேட்டாள். "தெருக்குத்துன்னு சொன்னீங்களாமே? அம்சம் போன்ல அழுவுறா. முன்பணம் கொடுக்கலயாம்."

"பேச்சோட பேச்சா ஒரு வார்த்தை..."

"ஒங்க வாயில அது சும்மா வருமா?" அவள் ரசத்தை நிதானமாக ஊற்றினாள். "அப்ப நம்ம வூட்டுக்கும் ஒரு நல்ல நேரம் பாத்துக் கடக்கால் போட்டிருக்கலாம். மாடிப்படிக்கு அடியில வருசா வருசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு பட்டி பூசுற வேலை மிச்சமாயிருக்கும்."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. இவளுக்கு எத்தனை ஆண்டாகத் தெரியும்? அவள் முகத்தில் குத்திக்காட்டும் குறிப்பு எதுவுமில்லை. அவர் பிசைந்து வைத்திருந்த சோற்றின் மேல் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டு, அவள் அப்பளம் எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ரெத்தினத்தை அழைத்து, வீட்டை வாங்கிவிடு என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தார். எண்ணிக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்தினார். வேறு யாராவது வாங்கிவிட்டால் தாம் சொல்லவேண்டிய தேவை இருக்காது என்ற நினைப்பும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது. அதற்குள் அம்சமே அழைத்தாள்.

"மாமா, பரீத் பாய் ஒரு வழி சொல்றாரு. குத்துக்கு நேரா வாசச் செவுத்துல ஒரு பிள்ளையார வச்சிட்டா தோசம் கழிஞ்சிடுமாம். அவரு வித்துக் கொடுத்த வீட்டுலயெல்லாம் அப்படித்தான் வச்சிருக்காங்களாம். நீங்க என்ன சொல்றீங்க? நீங்க சரின்னாத்தான் எங்களுக்கு மனசு ஒப்பும்."

அறிவுச்செல்வன் கைபேசியைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றார். பிள்ளையார் எதற்கு, அது மூடத்தனம் என்றால், தெருக்குத்தும் மூடத்தனமே. அன்று ஏன் சொன்னீர்கள் என்ற கேள்வி வரும். பிள்ளையார் போதாது என்றால், தம்மைவிடப் பெரிய நம்பிக்கைக்காரர் ஊரில் இல்லை என்றாகும். பொறாமையில் சொன்னேன் என்பது மட்டுமே மீதமிருந்த உண்மை. அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"வையுங்க" என்றார்.

"பிள்ளையாரத்தானே?"

"ஆமா. பிள்ளையாரத்தான்."

மறுமுனையில் சிரிப்பொன்று எழுந்து அடங்கியதைப் போலிருந்தது. அது மகிழ்ச்சியா, கேலியா என்பதை அவரால் பிரித்தறிய முடியவில்லை.

வைகாசியில் பால் காய்ச்சினார்கள். சந்தில் பாதிக்கு நாற்காலி போட்டிருந்தது. தையல்நாயகி முதல்நாளே வந்து தங்கிவிட்டாள். கொல்லையில் தங்கையோடு அவள் பேசுகிற பேச்சு வாசல்வரைக்கும் கேட்டது. அந்தக் குரலைத் தம் வீட்டில் அவர் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. வாசற்சுவரில் புதிதாக வெட்டிய மாடத்தில், கையகலக் கருங்கல் பிள்ளையார், அருகம்புல் மாலையோடு சந்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடமெல்லாம் ரெத்தினம் கைகூப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் அண்ணன் யோசனைதான். அண்ணன் சொல்லித்தான் பிள்ளையாரே வந்தாரு."

கேட்டவர்கள் பிள்ளையாரைப் பார்த்தார்கள். பிறகு அறிவுச்செல்வனைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார்.

அம்சம் பட்டுப்புடவையோடு தட்டில் கற்பூரத்தை ஏற்றி எடுத்துவந்தாள். மாடத்துக்கு முன்னால் காட்டுவதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், பால் பொங்குகிறது என்று. "மாமா, செத்த புடிங்க" என்று தட்டை அவர் கையில் திணித்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

அப்போதுதான் காற்று வந்தது. தெற்கிலிருந்து சந்து முழுவதையும் கடந்து, நாற்காலித் துணிகளைப் புடைத்துக்கொண்டு, நேரே வாசலுக்கு வந்தது. சுடர் படுத்துவிட்டது. கற்பூரம் நடுவில் அணைந்தால் அம்சத்தின் முகம் என்ன ஆகும் என்பதை அவர் அறிவார். தட்டை மாடத்து விளிம்பில் வைத்தார். பிள்ளையாருக்கு முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றிக் குவித்தார்.

சந்தின் கோடியில் யாரோ ஒருவர் திரும்பி உள்ளே நுழைந்தார். அவர் உடுத்தியிருந்தது கறுப்புச் சட்டையாகவும் இருக்கலாம். வெயிலில் சரியாகத் தெரியவில்லை. அவர் நேராக அறிவுச்செல்வனைப் பார்த்தபடியே நடந்து வந்துகொண்டிருந்தார்.

கையை எடுத்தால் சுடர் அணைந்துவிடும்.